பொன்னேரியில் காலை, பழவேற்காட்டில் மாலை

நர்ஸ் வேலையில் சேர்ந்தால் கால் வலிக்கும். கூடவே ஒரு பார்ட் டைம் நர்ஸ் வேலையும் பார்த்தால் அதே கால் இரண்டு ஊரில் வலிக்கும்.

எனக்குக் காலையில் பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மத்தியானம் டூட்டி முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினால் பழவேற்காடு. அங்கே ஒரு டாக்டரம்மா நடத்தும் சின்ன கிளினிக்கில் சாயங்கால வேலை. கிளினிக் என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டோக்கன் கொடுக்கலாம் என்று நம்பித்தான் சேர்ந்தேன். முதல் நாளே டாக்டரம்மா என் தோளில் ஒரு பையை மாட்டிவிட்டு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். டவுன் தெருக்களும் உண்டு, படகில் போக வேண்டிய அக்கரைக் குப்பமும் உண்டு. எல்லாம் முடித்து மறுபடி பஸ் பிடித்துத் திருப்பாலைவனத்தில் இறங்கினால் வீடு. என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுப்புக் காலத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார், மற்ற காலத்தில் நான் இருக்கமாட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டை குறைவு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பொங்கல் முடிந்த கையோடு பொன்னேரி மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, வார்டு இன்சார்ஜாகப் போடப்போவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றே ஒன்று. சாயங்கால வேலையை விட்டுவிட வேண்டும். இன்சார்ஜ் என்றால் எப்போது கூப்பிட்டாலும் வார்டில் வந்து நிற்க வேண்டும் அல்லவா. சித்திரை பிறப்பதற்குள் பதில் சொல் என்றார். இரண்டு வேலை பார்க்கும் அன்பர்களே, எந்த வேலையை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்க நமக்கு எங்கே நேரம்? நான் யோசித்ததெல்லாம் பஸ்ஸில்தான், அதிலும் பாதி நாள் நின்றுகொண்டு.

மீனுக்குப் பக்கத்தில் இன்சுலின்

கன்னியம்மாவுக்கு மீன் வியாபாரம். பழவேற்காட்டில் ஏலத்தில் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்ததால் டாக்டரம்மா இன்சுலின் எழுதினார். ஊசியைத் தானே போட்டுக்கொள்ள நான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றாள். சில்லென்று இருக்கும் இடமாகப் பார்த்து வை என்றேன். பானைத் தண்ணீர், ஈரத் துணி என்று மனதில் வைத்துக்கொண்டு நான் சொன்னது. மீன்காரி வீட்டில் சில்லென்ற இடம் எது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊசி ஒழுங்காகப் போடுகிறாள், சோற்றையும் குறைத்திருக்கிறாள், சர்க்கரை மட்டும் இறங்குவேனா என்கிறது. டாக்டரம்மா அளவைக் கூட்டினார். அப்போதும் அப்படியே. சந்தேகப்பட்டு, மருந்தை எங்கே வைத்திருக்கிறாய், காட்டு என்றேன். பெருமையாக ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மேலே வஞ்சிரம், நடுவில் இறால், அடியில் ஐஸுக்குள் புதைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்சுலின் பாட்டில். பத்திரமாக உறைந்து கட்டியாகக் கிடந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கித்தான் தினமும் போட்டுக்கொண்டாளாம். ஒரு தடவை உறைந்துவிட்டால் இது மருந்தே இல்லை, தூக்கிப் போடு என்றேன். கன்னியம்மாவுக்கு என் மேல்தான் கோபம்.

"வஞ்சிரமே நாலு நாளு கெடாம கீது. உன் மருந்து ஐஸுல ஒரு நாளு தாங்காதுன்னா, அது இன்னா மருந்து சிஸ்டர்?"

இறங்க வேண்டிய இடம்

சாயங்கால பஸ்ஸில் எனக்குப் பழகிய கண்டக்டர் ஒருவர் உண்டு. ஜன்னல் சீட் கிடைத்தால் நான் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். திருப்பாலைவனம் வந்ததும் பக்கத்துக் கம்பியில் தட்டி எழுப்பிவிடுவார். ஒரு நாள் அவர் லீவு. புதிதாக வந்தவருக்கு நான் யாரோ, என் ஊர் எதுவோ. கண் விழித்துப் பார்த்தால் பஸ் நின்றிருக்கிறது, உள்ளே நான் மட்டும் இருக்கிறேன், வெளியே பொன்னேரி பஸ் ஸ்டாண்டு.

காலையில் நான் வந்து இறங்கிய அதே இடம். அங்கே பூ விற்கும் ஒரு அம்மாவிடம்தான் தினமும் காலையில் சாமி படத்துக்குப் பூ வாங்குவேன். அவர் இன்னும் கடையைக் கட்டவில்லை. கலைந்த தலையும் கசங்கிய புடவையுமாக நான் இறங்கி வருவதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, நாளைக்குக் காலைல போட வேண்டிய டூட்டிக்கு இப்பவே வந்து நிக்கிற?"

பெரிய வீட்டில் பிரஷர்

டவுனில் ஜமால் பாய் வீடு. பல தலைமுறையாக வியாபாரம் பார்த்த குடும்பம். நடுவில் முற்றம் வைத்த வீடு. முற்றத்தில் எப்போதும் யாராவது வந்து போய்க்கொண்டிருப்பார்கள். பாய்க்கு வாரம் ஒரு ஊசி. அசர் என்கிற சாயங்காலத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பிய பிறகுதான் கையை நீட்டுவார். அவர் வருவதற்குள் அவருடைய மனைவி நூர்ஜகான் அக்கா, வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் என்னை வைத்து பிரஷர் பார்த்து முடித்துவிடுவார். நாத்தனார், சம்பந்தி, பக்கத்து வீட்டு மாமி, தண்ணி கேன் போட வந்தவர் வரைக்கும். எண்ணைச் சொன்னதும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுக்கொள்வார்கள். யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் அன்றைக்கு மரியாதை.

ஒரு நாள் அக்கா என் கையிலிருந்த மெஷினைப் பிடுங்கிக்கொண்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் கையிலேயே பட்டையைச் சுற்றிவிட்டார். பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதுமே, பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார். மெஷின் காட்டியதைப் பார்க்க முற்றமே எழுந்து வந்தது. அந்த வீட்டில் அதுவரை யாரும் எடுக்காத ஸ்கோர். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதால் இருக்கும் என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அந்த எண் வந்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியுமே. அக்கா உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார், உப்பு போடாமல்.

"ஊருக்கெல்லாம் பாத்துட்டுப் போறியே தங்கச்சி, ஒன்ன யாரு பாக்குறா?"

மெஷின் ஓட்டுகிறவரின் தீர்ப்பு

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. பொன்னேரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டதால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்கால வேலையை விட்டுவிடு, இன்சார்ஜ் வேலையை ஒப்புக்கொள் என்றார். யோசிக்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கன்னியம்மாவின் இன்சுலின், பாயின் ஊசி, குப்பத்தில் கட்டு மாற்ற வேண்டியவர்கள் என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன்.

"அறுப்பு மெஷின் சூடானா ஓனர் திட்டுவான்னு நிறுத்திடுவேன். உன்னை நிறுத்தணும்னா யாருகிட்ட கேக்கணும்னே எனக்குத் தெரியல."

ரத்தினத்தின் கால்

அக்கரைக் குப்பத்தில் நான் முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ரத்தினம். ஏரியில் வலை கட்டுகிறவர். சர்க்கரை உள்ளவர். பாதத்தில் சிப்பி கிழித்த புண் ஆறாமல் குழியாகிவிட்டது. தினமும் போய்ச் சுத்தம் செய்து கட்டிவிட்டு வருவேன். என் உத்தரவு ஒன்றுதான்: தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சுற்றிலும் ஏரி இருக்கும் ஊரில், ஏரியை நம்பிப் பிழைக்கும் ஆளிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நாள் கேட்டார். புண்ணும் சிவந்து, சதை வளர ஆரம்பித்தது.

ஒரு நாள் போனால் கட்டு நனைந்து தொங்குகிறது. நேற்று எங்கள் பாடு என்றாள் அவர் மனைவி தேசம்மா. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான், வலைக்காரர்கள் நிறையப் பேர். அதனால் எந்த நாளில் யார் அங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உன் நாளில் இறால் கொட்டினாலும் உனக்கு, ஒன்றுமே விழாவிட்டாலும் உனக்கு. அடுத்தவன் நாளில் போய் வலையைக் கட்டினால் ஊர் தண்டம் போடும். உன் நாளை விட்டுவிட்டால் மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதை விடக் கூடாது என்று ரத்தினம் கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். ரத்த ஓட்டமே சரியில்லாத காலில் டியூப் கட்டு. நான் கத்தித் தீர்த்துவிட்டேன். இந்தக் காலை வெட்டும்படி ஆகும் என்று கூடச் சொன்னேன். அவருடைய மகள் "சொன்னா கேளு நைனா" என்று எனக்குத் துணைக்கு வந்தாள். ரத்தினம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது புரியுது சிஸ்டர். கால வூட்ல வச்சிட்டு ஆளு மட்டும் ஏரிக்குப் போவ முடியுமா?"

நாற்காலி காட்டினார்கள்

பொன்னேரியில் மேட்ரன் ஒரு நாள் என்னை வார்டுக்குள் கூட்டிப்போய், இன்சார்ஜ் உட்காரும் நாற்காலியைக் காட்டினார். சுழலும் நாற்காலி. முதுகுக்கு வலை வைத்தது. உட்கார்ந்து பார் என்றார். உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் முழுக்க அந்த நாற்காலி நினைப்புத்தான்.

மறுநாள் மேட்ரனிடம் பேரம் பேசினேன். சாயங்கால வேலையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்கிறேன், சித்திரை வரைக்கும் அப்படி ஓட்டிப் பார்க்கிறேன், சரிப்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்றேன். பார்க்கலாம் என்றார். டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்; ரத்தினத்தின் கால் இப்போது பரவாயில்லை, வாரத்துக்கு இரண்டு கட்டு போதும், நடுவில் தொந்தரவு என்றால் போன் பண்ணச் சொல் என்றார். ஆஹா, இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோமே என்று சந்தோஷமாக இருந்தேன். எனக்கு அடுத்தபடியாக அந்த நாற்காலிக்கு வர வேண்டியவள் ஸ்டெல்லா. என்னைவிடச் சின்னவள், ஒளித்து வைத்துப் பேசத் தெரியாது. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு வேணாம்னா சீக்கிரம் சொல்லிடுங்க. வேணும்னாலும் சொல்லிடுங்க, மாதா கோயில்ல வேண்டிக்கறதை நிறுத்திடறேன்."

எனக்கும் முறை வைத்தார்கள்

இனிமேல் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவேன் என்று குப்பத்தில் சொன்னேன். முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அடுத்த தடவை படகிலிருந்து இறங்கினால், ஊர்த் தலைவர் வேலு கரையில் நிற்கிறார். என் வயதுதான் இருக்கும், எதையும் சட்டம் பேசி முடிக்கிற ஆள். ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தாயிற்று என்றார். நான் வருவதோ இரண்டு நாள், ஒரு நாளில் இருட்டுவதற்குள் பார்க்க முடிவதோ இரண்டு மூன்று வீடு. சண்டை வரக் கூடாது என்று எனக்கும் பாடு வைத்துவிட்டார்களாம். எந்த நாள் எந்த வீடு என்று வரிசை போட்டாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏரிக்கு வைக்கிற மரியாதையை எனக்கும் வைத்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் பெருமையும்தான். முதல் வரிசையில் ரத்தினம் வீடு வந்தது, கட்டு மாற்றினேன். அடுத்த தடவை போனபோது என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் ஒரு ஆள், நல்ல ஆரோக்கியமாக, தேக்குக் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் வேறு யாருக்காவது? யாருக்கும் இல்லை. அப்படியானால் நான் ரத்தினத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ரத்தினம் நன்றாக இருக்கிறார், இப்போதுதான் நடந்து போனதைப் பார்த்தேன் என்று யாரோ சொன்னார்கள். தொந்தரவு என்றால்தான் போன் பண்ணியிருப்பாரே என்று நானும் நின்றேன். அந்த ஆள் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு எங்க பாடு சிஸ்டர். நோவு இல்லன்னா இன்னா, எதனா பாத்துட்டுப் போங்க."

அடுத்தவர் நாள்

அதற்கடுத்த வாரம் மறுபடி ரத்தினம் வீட்டு முறை வந்தது. வாசலில் கால் வைக்கும்போதே வாடை. நர்ஸுக்கு அந்த வாடை என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். காலில் நான் கடைசியாகக் கட்டிய அதே கட்டு. அவிழ்த்தால் இரண்டு விரல் கறுத்திருந்தது, பாதம் வீங்கி மினுமினுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. தேசம்மா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நாலைந்து நாளாகவே வலி, இரண்டு நாளாகக் காய்ச்சல், போன் பண்ணுகிறேன் என்று சொன்னால் இவர் விடவில்லை என்றாள். என் நம்பர் சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருக்கிறது, நானே எழுதச் சொன்னதுதான்.

உடனே படகைப் பிடித்து, இக்கரைக்குக் கொண்டுவந்து, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். படகில் அவர் தலையைத் தேசம்மா மடியில் வைத்திருந்தாள். காலை என் மடியில் வைத்திருந்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. போன் பண்ண என்ன கேடு, கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று நினைத்தாயா என்று ஒருமையிலேயே கேட்டுவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவளுக்கு இது கூடப் புரியவில்லையே என்கிற மாதிரிதான் என்னைப் பார்த்தார்.

"நடுவுல மத்தவங்க பாடு சிஸ்டர். அடுத்தவன் நாளுல நான் எப்டி வல கட்டறது?"

தலைவரிடம் சண்டை

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று இன்னும் சொல்ல முடியாது என்றார்களாம். அந்தச் சேதி வந்த அன்றைக்கு எனக்குக் குப்பத்து நாள் இல்லை. இருந்தும் படகேறிப் போனேன். வேலு வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன இறாலா, எனக்கு எதற்கு முறை வைத்தீர்கள் என்று ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் யாருக்கு அதிகம் முடியவில்லையோ அவரைத்தான் முதலில் பார்ப்போம், ஒன்றுமில்லாதவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கால் அழுகுகிறவன் வாயைத் திறக்காமல் கிடக்கிறான், இதெல்லாம் ஒரு ஊரா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது.

வேலு வலை தைக்கும் ஊசியைக் கீழே வைத்தார். ரத்தினம் அவருக்குச் சொந்த மச்சான், அது எனக்கு அப்போது தெரியாது. யாருக்கு ஜாஸ்தி என்று யார் அளப்பது என்று கேட்டார். சத்தம் போடுகிறவன் தினமும் உங்களைக் கூப்பிடுவான், சத்தம் போடத் தெரியாதவன் பார்த்துக்கொண்டே இருப்பான், அது நடக்கக் கூடாது என்றுதான் முறை வைத்தோம் என்றார். அது தப்பாகப் போய்விட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரெண்டு நாளுதான் வருவேன்னு சொன்னது நீங்க. கம்மியா கீற எடத்துலதான் சிஸ்டர் பாடு வைப்பாங்க. ஏரி பூரா இறாலுன்னா எவன் முறை கேக்கப் போறான்?"

மேட்ரன் கேட்ட கேள்வி

வேலு கேட்டதை அடுத்த நாளும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். சாயங்கால வேலையை விட்டாலும் விடலாம், வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளலாம்; பாதியாக்கி வைத்துக்கொள்வதுதான் கூடாது என்று தோன்றியது. பாதி இருக்கிறவளை நம்பி வீட்டில் காத்திருப்பார்கள். முழுசாக இல்லாதவளை நம்பி யாரும் காத்திருக்கமாட்டார்கள், வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். அப்படியானால் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். வேறு வழி என்ன இருக்கிறது என்று அந்த ஊர்ப் படகில் போய் வந்தவளுக்குத் தெரியும்.

சித்திரை பிறக்க இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன்னாலேயே மேட்ரனிடம் போய், இன்சார்ஜ் வேலை எனக்கு வேண்டாம், ஸ்டெல்லாவைப் போடுங்கள் என்றேன். ஏன் என்றார். ரத்தினம், விரல், பாடு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்காலியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. மேட்ரன் முப்பது வருஷம் வார்டில் நின்றவர். நல்லவர்தான், இந்த வேலையில் நல்லவர்கள் கொஞ்சம் கடுகடுப்பாக இருப்பார்கள். என் பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, போகலாம் என்று தலையசைத்தார். நான் கதவுவரை போய்விட்டேன்.

"நீ படுத்துட்டா, உன்னைப் பாக்குறதுக்கு எந்த ஊர்ல முறை வெப்பாங்க?"

ரத்தினம் வந்துவிட்டார்

பாதம் தப்பியது. ரத்தினம் இரண்டு விரல் குறைவாகக் குப்பத்துக்குத் திரும்பிவந்தார். நான் பழையபடி தினமும் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு படகேறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டிக்கு மட்டும் போகமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாத்திரையையும் தவறாமல் போடுகிறேன். ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு டூட்டி போடுகிறாள். அக்கா என்று கூப்பிடுவதை இன்னும் நிறுத்தவில்லை.

திரும்பி வந்த முதல் நாள் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். தையல் சுத்தமாக இருந்தது. நிம்மதியாகப் புதுக் கட்டுப் போட்டேன். தேசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ரத்தினம் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்து, இன்றைக்கு எங்கள் பாடா என்று கேட்டார். பாடெல்லாம் எடுத்தாயிற்று, இனி தினமும் வருவேன், கட்டு நனைந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன் என்றேன். நன்றியாக ஏதாவது சொல்வார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் முகம் தொங்கிவிட்டது.

"டெய்லி வர்றீங்களா? அப்ப நான் எந்த நாளு ஏரிக்குப் போறது?"

பிழைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க மற்றவர்களுக்கு ஒரு வேலை போதும், எனக்கு இரண்டு தேவைப்பட்டது.